பள்ளிக்கூடத்து உப்புமாவும் என் இட்லிக்கடையும்

கோவிந்து,

போன ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடி பஸ் நின்றுகொண்டிருந்தபோது நீ கேட்டாயே, "ஏம்மா, ஆறு மாசமா வேணாம் வேணாம்னு ஒத்தக் கால்ல நின்ன. இப்ப இன்னா திடீர்னு சத்யாவ கட்டிக்கோன்றே?" என்று. நான் பதில் சொல்லாமல், "பஸ் போய்டும், ஏறுடா" என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன். டிரைவர் அப்போதுதான் டீக்கே சொல்லியிருந்தார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கேள்விக்குத்தான் இப்போது உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். உன் அப்பா, "வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிட்டுப் போயேன், எதுக்கு இம்மாம் பேப்பரு?" என்கிறார். சொல்லும்போது நடுவில் அழுகை வந்தால் அதுவும் சேர்ந்தல்லவா வந்து சேரும்? காகிதம் என்றால் மூக்கைச் சிந்திவிட்டு வந்து மேலே எழுதலாம். எட்டாவது வரை படித்தவளின் எழுத்து, அப்படி இப்படித்தான் இருக்கும். ஷூ கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் நடுவில் இதைப் பிரிக்காதே. ரூமுக்குப் போய் நிதானமாகப் படி.

நம் கடையைப் பற்றி உனக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. உன் உடம்பே அந்த இட்லியில் வளர்ந்ததுதான். ஆனால் ஒரு விஷயம் நீ சரியாகக் கவனித்திருக்கமாட்டாய். சாமைக்குக் களை எடுக்கும் நாளிலும் அறுப்பு நாளிலும் ஊரே விடிவதற்குள் கொல்லைக்காட்டு வேலைக்குக் கிளம்பிவிடும். போகிற வழியில் ஒவ்வொருத்தியும் என் கடை வாசலில் நின்று, "அக்கா, பசங்க வருவாங்க, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவ்வளவுதான் பேச்சு. அறுப்பு முடிந்ததும் ஒரு வீட்டிலிருந்து சாமை வரும், ஒரு வீட்டிலிருந்து கொள்ளு வரும், ஒருத்தி கொட்டை எடுத்த புளியை முறத்தோடு கொண்டுவந்து வைப்பாள். காலையில் பெல் அடிப்பதற்குள் முப்பது, முப்பத்தைந்து பிள்ளைகள் வந்து சாப்பிட்டுவிட்டு ஓடும். எதற்குக் காரச் சட்னி ஆகாது, எது இட்லியின் நடுவை மட்டும் தின்னும், எது ஒன்றைப் பையில் ஒளித்துக் கொண்டுபோய் நாய்க்குப் போடும் என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. அதில் எனக்கு ஒரு திமிர் இருந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளின் வயிறு என் கையில் இருக்கிறது என்கிற திமிர். அப்போது அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

பிறகுதான் அரசாங்கம் பள்ளிக்கூடத்திலேயே காலைச் சாப்பாடு என்று சொன்னது. மகளிர் குழுவிலிருந்து ஆள் எடுக்க ஒரு அம்மா வந்தார்கள். "யாருக்கு நெறைய பேருக்கு சமைக்க வரும்?" என்று கேட்டதும் முதல் கை என்னுடையதுதான். கடை போனாலும் கரண்டி என் கையில்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

"குழுவுல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன்ங்க. ஆரம்பத்துல இருந்தே இருக்கேன்."

"உங்க புள்ள இந்த ஸ்கூல்ல படிக்கிதா?"

"படிச்சான்ங்க."

"இப்ப?"

"இப்ப ஷூ கம்பெனில கீறான். கல்யாண வயசு ஆவுதுங்க."

கூட்டமே கொல்லென்று சிரித்தது. இந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளையின் தாய்தான் சமைக்க வேண்டும், அதுதான் ரூல் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். தன் பிள்ளையும் தின்னப்போகிற சோற்றில் எந்தத் தாயும் அலட்சியம் காட்டமாட்டாள் இல்லையா? இப்போது யோசித்தால் நல்ல ரூல்தான். அன்றைக்கு என்னவோ, என்னை ஒழிக்கவே யாரோ மேஜை போட்டு உட்கார்ந்து எழுதினதுபோல் இருந்தது. வேலை சத்யாவுக்குப் போனது. எஸ்டேட் வேலைக்குப் போன இடத்தில் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, கைக்குழந்தையோடு அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்த பெண். அந்தக் குழந்தை பவித்ரா அப்போதுதான் ஒன்றாவது சேர்ந்திருந்தாள்.

சமையல் தொடங்குவதற்கு முதல் நாள் சத்யா என்னிடம்தான் வந்தாள். "அத்தே, அம்பது பேருக்கு உப்பு எம்மாம் போடறது? எனக்கு பயமா கீது" என்றாள். நான் மாவு ஆட்டிக்கொண்டே, "அவங்கவங்க கைதான் சொல்லும், போ" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்திருக்கும்? மறுநாள் காலை என் இட்லி அப்படியே கிடந்தது. ஆட்டுக்குப் போட்டேன். மூன்று நாள் தின்றது, நாலாம் நாள் ஆடும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போன அதே பெண்கள் கடை வந்ததும் எதிர்ப்பக்கம் புளியமரத்தைப் பார்த்தபடி நடந்தார்கள். சூடாக, சும்மா கிடைக்கிறதை விட்டுவிட்டு என்னிடம் எதற்கு வரவேண்டும்? தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. உன் அப்பா, "வுடு, டீ மட்டும் போடு" என்றார். அவருக்கு என்ன, அவர் எதையும் விட்டுவிடுவார்.

நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் உப்புமா உண்டு, கிச்சடி உண்டு, பொங்கல் உண்டு, எண்ணெய்ப் பலகாரம் கிடையாது. அந்த இடத்தில் பிடித்தேன். பெல் அடிப்பதற்கு முன்னால் வாசலில் நின்று, "வாங்க கண்ணுங்களா, ஆயா வடை சுட்டுக்கீறேன், சும்மா துன்னுங்க" என்று கூப்பிடுவேன். ஆளுக்கு இரண்டு மசால் வடை தின்றுவிட்டுப் போகிற பிள்ளைக்கு உப்புமா எங்கே இறங்கும்? சத்யாவின் பாத்திரத்தில் பாதி மிஞ்சும். எவ்வளவு மிஞ்சியது என்று அவள் தினமும் போனில் ஏற்றி அனுப்ப வேண்டுமாம். "அவ சமையல் புள்ளைங்களுக்குப் புடிக்கல போல" என்று டீ குடிக்க வந்தவர்களிடம் எல்லாம் நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த நாள் வந்தது. முதல் நாள் சாயங்காலம் முழுக்க மழை, கடைக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை, ஒரு கூடை வடை மிஞ்சிவிட்டது. காலையில் அதையே பழைய எண்ணெயில் திரும்பப் போட்டு எடுத்தேன். லேசாக ஊசல் வாடை வந்தது. வரவில்லை என்று சொன்னால் அது பொய். மூக்கில் ஏறியது, தூக்கிப்போட மனசு கேட்கவில்லை. பவித்ரா அம்மாவோடு சீக்கிரமே வந்துவிடுவாள், அவள்தான் முதல் ஆள். நாலு வடை தின்றாள். அப்புறம் போய் அம்மா கையால் பொங்கலும் தின்றாள். பிரேயரில் நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்து விழுந்தாள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் வயிற்றைக் கலக்கியது. ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரியாதது, கோவிந்து. சத்யா நர்சம்மாவிடம் பேசப் போயிருந்தாள். குழந்தை பெஞ்சில் தனியாகப் படுத்திருந்தாள், கையில் ஊசி, மேலே பாட்டில். நான் குனிந்து அவள் காதில், "கண்ணு, ஆயா கடையில வடை துன்னத அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா அம்மா அடிப்பா" என்றேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெற்ற பிள்ளையை அதுவரை கை நீட்டி அடிக்காதவள் சத்யா. அவளைப் பற்றி அவள் குழந்தையிடமே இப்படிச் சொன்னேன். ஆறு வயசுக் குழந்தையிடம்.

சாயங்காலமே மூன்று பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், ஆண்டவன் காப்பாற்றினான். ஆனால் பழி பொங்கல் மேல் விழுந்தது. அதிகாரிகள் வந்து மிச்சப் பொங்கலை எடுத்துப் போனார்கள். சத்யாவை இரண்டு வாரம் சமைக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். பொங்கலில் ஒரு கோளாறும் இல்லை என்று பதில் வந்தது, வந்து என்ன? "பெத்த பொண்ணுக்கே ஒத்துக்கல, ஊருக்கு ஆக்கிப் போட வந்துட்டா" என்று ஊர் வாய் பேசிவிட்டது. அந்த இரண்டு வாரமும் பயந்துபோய்ப் பிள்ளைகளைத் திரும்ப என் கடைக்கு அனுப்பினார்கள். "அக்கா, பாத்துக்கோ" என்று திரும்ப வாசலில் நின்றார்கள். நான் சந்தோஷப்பட்டேன். இந்த ஒரு வரியை எழுத இவ்வளவு நேரம் ஆயிற்று.

சத்யா வேலைக்குத் திரும்பினாள், பிள்ளைகளும் ஒவ்வொன்றாக அங்கேயே திரும்பின. வடை போடுவதை அந்த ஆஸ்பத்திரி நாளோடு நிறுத்திவிட்டேன். ஆனால் அதற்கப்புறம் சத்யாவைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவள் நடந்தால் குற்றம், தண்ணீர் பிடித்தால் குற்றம், குழுவில் வாயைத் திறந்தால் குற்றம். அவள் எனக்கு என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. நான்தான் அவளுக்குச் செய்தேன். நாளைக்கு நீயும் குடும்பம் நடத்தப் போகிறாய், ஒன்று மட்டும் நினைவில் வை. யார் மேலாவது காரணமே இல்லாமல் எரிந்து விழத் தோன்றினால், அவர்களுக்கு நீ என்ன கெடுதல் செய்தாய் என்று முதலில் தேடிப் பார். எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்.

இந்த நிலைமையில்தான் ஆறு மாசத்துக்கு முன்னால் நீ வந்து, சத்யாவைக் கட்டிக்கொள்கிறேன், பவித்ரா இனிமேல் என் பொண்ணு என்று சொன்னாய். நான் வேண்டாம் என்றேன். புருஷன் செத்தவள், பிள்ளை வேறு இருக்கிறது, அதனால்தான் இவள் மறுக்கிறாள் என்று நீயும் நினைத்தாய், ஊரும் நினைத்தது. கீழே வாணியம்பாடிப் பக்கம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். நம் மலையில் இரண்டாவது தாலி எப்போதடா குற்றமாக இருந்தது? ஊர்க்கவுண்டர் முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றினால் முடிந்தது. என் சொந்த அத்தையே அப்படிக் கட்டிக்கொண்டு வந்தவள்தான். நீ இரண்டு சனிக்கிழமை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அந்த மாதிரி பழைய காலத்துப் புத்தி உனக்கு வந்துச்சே" என்று திட்டினாய். நானும் வாயை மூடிக்கொண்டு அதையே ஒப்புக்கொண்டேன். அந்தக் கெட்ட பெயர், உண்மையான காரணத்தைவிட எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், தினமும் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அந்தக் குழந்தை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? அதுதான் பயம், வேறு ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு மத்தியானம் சத்யாவே கடைக்கு வந்தாள், பவித்ராவையும் கூட்டிக்கொண்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அத்தே, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போய்டறேன். அன்னிக்கு என் பொங்கலத் துன்னுட்டு இவ வாந்தி எடுத்தாளே, அதனாலதானே வேணாம்றீங்க? என் கையால ஆக்குனத உங்க புள்ள எப்பிடித் துன்னுவாருன்னுதானே? அன்னில இருந்து ரெண்டு வாட்டி அரிசி களைஞ்சி, மூணு வாட்டி பருப்பு களைஞ்சிதான் போடறேன். வேற இன்னா செய்யணும், சொல்லுங்க, செய்யறேன்."

வாய் தானாகத் திறந்தது. "உன் பொங்கல் இல்லம்மா. என் வடை. ஊசிப்போன வடை. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

சத்யா பேசுவதற்கு முன்னால் பவித்ரா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "ஆயா, நான் யார்கிட்டயும் சொல்லலயே! நீ ஏன் சொல்லிட்ட? அம்மா அடிப்பா இல்ல?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல், கோவிந்து. தினமும் என் கடை வழியாகப் பள்ளிக்கூடம் போன குழந்தை. எனக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு, சொந்த அம்மாவைப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

சத்யா குழந்தையின் கண்ணைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. மூன்றாம் நாள் வந்து, கடை வாசலில் நின்றபடியே, "வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல பெத்தவங்க கூட்டம் கீது. அங்க வந்து சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான். போனேன். சொன்னேன். ஊசிப்போன வடை, பழைய எண்ணெய், ஆஸ்பத்திரி பெஞ்சில் குழந்தையிடம் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அன்று வாந்தி எடுத்த இன்னொரு பிள்ளையின் அப்பன் எழுந்து கன்னாபின்னாவென்று திட்டினான், திட்டட்டும், அவனுக்கு உரிமை இருக்கிறது. பெண்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் சத்யாவைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். அடுத்த நாள்தான் நீ வந்தாய், நான் கட்டிக்கோ என்றேன். ஞாயிறு காலை முழுக்க உன் அப்பா வேலி கட்ட வேண்டும் என்று உன்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாரே, வேலிக்காகவா? யாரும் உன் காதில் போட்டுவிடக் கூடாது என்றுதான். அவர் என்றைக்கடா வேலி கட்டினார்?

நேற்று, திங்கட்கிழமை காலை, தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் பெரியவர்கள் யாராவது ருசி பார்க்க வேண்டுமாம், அது தினசரி வழக்கம். "இன்னிக்கு இட்லிக்கடை அம்மா பாக்கட்டும்னு சத்யாதான் சொன்னாங்க" என்றார். வரிசையின் கடைசியில் தரையில் உட்கார்ந்தேன். ரவா உப்புமா, பூசணிக்காய் சாம்பார். என் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள், மேலே காட்டை ஒட்டின குடிசையிலிருந்து நடந்து வருகிறவர்கள். அந்த முகங்களை என் கடையில் நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டில் கொடுக்கச் சாமையும் இல்லை, புளியும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நான்தான் சோறு போட்டேன் என்று இத்தனை வருஷம் பீற்றிக்கொண்டேனே, இதுகள் அப்போது என்ன தின்றுவிட்டு வந்ததுகள்? ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. உப்புமா நன்றாக இருந்தது. உதிரி உதிரியாக, இஞ்சி வாசனையோடு, என்னால்கூட இவ்வளவு பேருக்கு அந்தப் பக்குவத்தில் இறக்க முடியாது. "நல்லா கீதும்மா. உப்பு சரியா கீது" என்றேன். சத்யா கரண்டியை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. கூட்டத்தில் சொன்னதற்கப்புறம் இரண்டு நாள் காலியாக இருந்தது, அப்புறம் பஸ்காரர்கள் வந்தார்கள், காவலூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் சாயங்காலம் போண்டா கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு நாளும் எண்ணெய் புதுசு. காலையில் ஒரே ஈடு இட்லி, அதோடு சரி. முன்பெல்லாம் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன், இப்போது ஐந்துக்கு எழுந்திருக்கிறேன். அரசாங்கம் என் வியாபாரத்தை எடுத்துக்கொண்டது, கூடவே முழங்கால் வலியையும் எடுத்துக்கொண்டது. உண்மையாகவே நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு விஷயம் மட்டும்தான் பாக்கி.

நேற்று உப்புமா தின்றுவிட்டுக் கை கழுவும்போது சத்யா பக்கத்தில் வந்து, "உங்க புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். "நான் சொல்லமாட்டேன். ஊர்ல வேற யாரும் சொல்லக் கூடாதுன்னும் சொல்லிவெச்சிருக்கேன். நீங்கதான் சொல்லணும். அவருக்குத் தெரியாத ஒண்ணு நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கற வரைக்கும் நான் அந்த வூட்டுக்குள்ள வரமாட்டேன் அத்தே. என் பொண்ணு ஒருவாட்டி மனசுக்குள்ள பூட்டி வெச்சிக்கினது போதும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கார்த்திகையில் வைக்கலாம் என்று நாம் பேசின உங்கள் கல்யாண முகூர்த்தம் அவள் கையில் இல்லை, என் கையில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதிவிட்டேன். உனக்கு என் மேல் கோபம் வரும், வரட்டும். சனிக்கிழமை வந்து எதிரில் நின்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவளுக்குச் செய். வேறு எதுவும் பேசவேண்டாம், "அம்மா சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல். அதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அம்மா